ஓட்டை விழுந்த கைக்குட்டை: ஆஸ்திரேலியப் புதர்க்காட்டுக் கதைகளின் பெண்கள்

வீட்டுக்கு அடியில் பாம்பு புகுந்துவிட்டது. கருப்புப் பாம்பு, ஐந்தடி நீளம். வீட்டின் தரையோ பிளந்த மரப்பலகைகளை வரிசையாகப் போட்டது, பலகைக்குப் பலகை இடைவெளி. நாலு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் பக்கத்திலிருக்கும் மரப்பட்டைக் கூரை வேய்ந்த சமையல் கொட்டகைக்குப் போகிறாள். அங்கே மண் தரை. பிள்ளைகளை மேசைமேல் படுக்கவைக்கிறாள். கையருகே ஒரு பச்சைக் கம்பு, மடியில் தையல் வேலை, காலடியில் அலிகேட்டர் என்ற கருப்பு நாய். விடியும்வரை பலகைச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கணவன் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போய் ஆறு மாதமாகிறது, தகவல் எதுவும் இல்லை. ஆள் நடமாட்டம் உள்ள இடம் என்றால் பத்தொன்பது மைலுக்கு அப்பால் சாலையோரத்தில் இருக்கும் ஒரு சாராயக்கடைதான்.

ஹென்றி லாசன் எழுதிய 'த ட்ரோவர்ஸ் வைஃப்' கதையில் நடப்பது இவ்வளவுதான். சிட்னியிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி புல்லட்டின்' வார இதழில் 1892 ஜூலை 23 அன்று வெளியானது. லாசனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ட்ரோவர் என்றால் ஆடுமாடுகளை மந்தை மந்தையாக நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப்போய்ச் சேர்ப்பிப்பவர். நகரங்களுக்கு வெளியே பரந்து கிடந்த காட்டையும் மேட்டையும் வறண்ட சமவெளியையும் ஆஸ்திரேலியர்கள் மொத்தமாக 'புஷ்' என்றார்கள். அந்த புஷ்ஷில் தனியாகக் குடும்பத்தைக் காத்து நிற்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இந்தக் கதைதான் முன்மாதிரி ஆயிற்று. அவளுடைய உறுதியைப் பாராட்டி அன்றிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கும் அவள்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பாராட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கும். அவள் இவ்வளவு உறுதியாக இருக்க வேண்டிய நிலை எப்படி வந்தது? அதற்கான பதில் இந்தக் கதைகளுக்கு உள்ளேயே இருக்கிறது. படிக்கிறவர்கள்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கதை பிறந்த சூழலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1861இல், சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் அரசு நிலச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அதுவரை பெரும் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்த அரசு நிலத்தில் சாமானியரும் 40 முதல் 320 ஏக்கர்வரை எடுத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். ஏக்கருக்கு ஒரு பவுண்டு விலை, அதில் கால் பங்கு முன்பணம். எடுத்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும், அதைத் திருத்த வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல நிலமும் நீர்க்கரையும் பெரிய ஆட்களின் கைக்குப் போயின, எஞ்சியதுதான் ஏழைகளுக்கு. அந்த நிலத்தை நம்பி மட்டும் வயிறு வளர்க்க முடியாது. ஆகவே ஆண்கள் மந்தை ஓட்ட, ஆட்டு ரோமம் கத்தரிக்க, வேலி போட, தங்கம் தோண்ட என்று மாதக்கணக்கில் வெளியே போனார்கள். குடியிருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோ அப்படியே இருந்தது. அதை நிறைவேற்ற வீட்டில் இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான்.

'புல்லட்டின்' 1880இல் தொடங்கியது. கிராமப்புற ஆண்களிடம் அதற்கு இருந்த செல்வாக்கைப் பார்த்துப் 'புஷ்காரனின் பைபிள்' என்றே அதைச் சொல்வார்கள். 1892 ஜூலையில் அதில் ஒரு கவிதைச் சண்டை மூண்டது. புஷ்ஷைப் பாடுகிறவர்கள் எல்லாம் நகரத்தில் உட்கார்ந்து கனவு காண்கிறார்கள், போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது வெக்கையும் ஈயும் தனிமையும்தான் என்று லாசன் ஜூலை 9 அன்று ஒரு கவிதை எழுதினார். ஒட்டி உலர்ந்த பெண்கள் தனியாக வாழ்கிறார்கள், மந்தை ஓட்டப்போன கணவன் திரும்பும்வரை ஆண்பிள்ளை போல உழைக்கிறார்கள் என்று அதில் இரண்டு வரி வரும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கவிஞரான பான்ஜோ பாட்டர்சன் புஷ்ஷுக்காகப் பரிந்து பதில் கவிதை எழுதினார். அதே ஜூலை 23ஆம் தேதி இதழில்தான் இந்தக் கதையும் வந்தது. கவிதையில் இரண்டு வரியாகக் கடந்துபோன பெண்ணை இங்கே ஒரு ராத்திரி முழுக்க லாசன் உட்காரவைத்துப் பார்க்கிறார். இவ்வளவுக்கும் மேற்கத்திய வறண்ட நிலத்தை அவர் அப்போது சரியாகப் பார்த்ததுகூட இல்லை. இதழாசிரியர் ஆர்ச்சிபால்டு ரயில் டிக்கெட்டும் ஐந்து பவுண்டும் கொடுத்து அவரை அந்த வறண்ட மேற்கில் இருக்கும் போர்க் ஊருக்கு அனுப்பியது அதற்குப் பிறகு, செப்டம்பரில்.

பின்னே அந்தப் பெண்ணை அவர் எங்கே பார்த்தார்? வீட்டில்தான்.

அவருடைய அம்மா லூயிசா லாசன் 1848இல் மட்ஜீ பக்கத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில், கப்பலை விட்டுத் தங்கவயலுக்கு வந்திருந்த ஒரு நார்வேக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் வேலை தேடி வெளியே போய்விட, இவர் சின்ன நிலத்தில் மாடு பார்த்தார், துணி தைத்துக் கொடுத்தார், கணவர் பெயரில் இருந்த தபால் நிலையத்தை நடத்தினார். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைப் பறிகொடுத்தார். 1883இல் பிள்ளைகளோடு சிட்னிக்கு வந்துவிட்டார். 1888இல் 'தி டான்' என்ற பெண்கள் மாத இதழைத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் நடத்தினார். அச்சுக் கோப்பதற்கும் பெண்களையே வைத்தார். அச்சுத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் புறக்கணிப்பு நடத்தியபோதும் அவர் அசையவில்லை. நியூ சவுத் வேல்ஸ் பெண்களுக்கு 1902இல் வாக்குரிமை கிடைத்ததில் அவருடைய பங்கு பெரியது. மகனின் முதல் புத்தகத்தை 1894இல் அச்சிட்டு வெளியிட்டதும் அவர்தான்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்மா புஷ்ஷிலிருந்து எழுந்து வந்து பத்திரிகை நடத்தினார், கூட்டம் போட்டார், சட்டம் மாற வேண்டும் என்று போராடினார். மகன் எழுதிய பெண் அதே இடத்தில் உட்கார்ந்து பாம்புக்குக் காவல் இருக்கிறாள். பெயர்கூட இல்லை அவளுக்கு, இன்னாருடைய மனைவி, அவ்வளவுதான். நாட்டின் நினைவில் தங்கியது மகன் எழுதிய அந்தப் பெண். அம்மாவின் பெயர் வெகுகாலம் மறந்தே போயிருந்தது.

லாசனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கண் கூர்மையானது, பொய் சொல்லாதது. அந்த ராத்திரியில் அவளுக்கு வரும் நினைவுகளைப் பாருங்கள். காட்டுத்தீ வந்தபோது கணவனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு பச்சைக் கிளையால் அடித்து அடித்துத் தீயோடு மல்லுக்கு நிற்கிறாள். உடம்பெல்லாம் கரி. குழந்தை அம்மாவை அடையாளம் தெரியாமல் அலறுகிறது. நாயும் யாரோ என்று நினைத்து வந்து கால்சட்டையைக் கவ்விக்கொள்கிறது. அப்புறம் வெள்ளம். அணை உடைந்துவிடாமல் காக்க மழையில் நின்று வாய்க்கால் வெட்டுகிறாள், காக்க முடியவில்லை. ஒரு முறை கணவன் இல்லாத நேரத்தில் குழந்தை இறந்துபோகிறது. உதவி தேடி, இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது மைல் குதிரையில் போகிறாள். இதை லாசன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் தடவை படித்தபோது அந்த இடத்தைக் கவனிக்காமலே நான் கடந்துவிட்டேன். இரண்டாவது முறைதான் நெஞ்சில் வந்து அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நடையும் அப்படித்தான். நகரத்துக் கடைவீதிக்குக் கிளம்புவதைப் போலத் தானும் உடுத்திப் பிள்ளைகளுக்கும் உடுத்தி, தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒற்றையடித் தடத்தில் நடந்துவிட்டு வருவாள். பார்க்க எதுவும் இல்லை, எதிரே வர ஆளும் இல்லை. இருபது மைல் நடந்தாலும் ஒரே மாதிரி மரங்கள்தான். ஆனாலும் வாராவாரம் போகிறாள். தன்னை ஒரு மனுஷியாக வைத்துக்கொள்ள அவள் கண்டுபிடித்த வழி அது.

கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் விறகு எடுக்கப்போகும் கட்டம். நெருப்பு அணைகிறது. முதல் நாள்தான் வழியில் வந்த ஒரு பூர்வகுடி மனிதரிடம் விறகு அடுக்கச் சொல்லியிருந்தாள். காணாமல்போன பசுவைத் தேடிவிட்டு வந்து பார்த்தால் குவியல் உயரமாக நிற்கிறது. நல்ல வேலைக்காரன் என்று பாராட்டிக் கூடுதலாகப் புகையிலையும் கொடுத்து அனுப்பினாள். இப்போது ஒரு கட்டையை இழுக்கிறாள், குவியல் அப்படியே சரிகிறது. உள்ளே வெற்றிடம். தீக்கும் வெள்ளத்துக்கும் ஈடுகொடுத்தவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அழுகை வருகிறது. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறாள், விரல் நேராகக் கண்ணில் குத்துகிறது. ஒரு ஓட்டையில் கட்டைவிரல், இன்னொன்றில் ஆள்காட்டிவிரல். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அவளுக்கு ஆண்டுக்கணக்கில் என்ன மிஞ்சியது என்பதற்கு அந்தக் கைக்குட்டையே போதும். ஒரு காலத்தில் கையில் பணம் இருந்தபோது கணவன் அவளை ரயிலில் நகரத்துக்குக் கூட்டிப்போய் நல்ல ஹோட்டலில் தங்கவைத்தவன்தான். குதிரை வண்டிகூட வாங்கித் தந்தான். வறட்சி வந்தது, எல்லாம் போனது. இப்போது பெண்கள் பத்திரிகையில் வரும் புது மோஸ்தர் உடைப் படங்களைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. கையில் இருப்பதோ அந்தத் துணி. பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், அதைக் காட்ட நேரம் இல்லாததால் கடுகடுவென்று தெரிகிறாள் என்று லாசன் சொல்கிறார். இதையும் அவளுடைய உறுதியின் கணக்கில்தான் வரவுவைக்கிறோம்.

நம் முல்லைப் பாட்டுகளிலும் தலைவி காத்திருக்கிறாள், அதுவும் மேய்ச்சல் நிலம்தான். ஆனால் அங்கே மழை வந்தால் அவன் வந்துவிடுவான் என்ற நிச்சயம் உண்டு. இங்கே மழை வந்தால் அணைதான் உடைகிறது.

விடியும் நேரத்தில் நாய் பாம்பைப் பலகை இடுக்கிலிருந்து இழுத்துப் போடுகிறது. அவள் அடித்துக் கொல்கிறாள், கம்பால் தூக்கி நெருப்பில் எறிகிறாள். பாம்பு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த பையன், நான் ஒருநாளும் மந்தை ஓட்டப் போகமாட்டேன் அம்மா என்கிறான். பதினோரு வயதுப் பிள்ளைக்கும் அவளுடைய நிலை எதனால் என்று புரிந்திருக்கிறது. பாம்பையோ தீயையோ வெள்ளத்தையோ அவன் குறை சொல்லவில்லை. அப்பா இங்கே இல்லை என்பதைத்தான் சொல்கிறான்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1901இல், லாசன் இதே பெண்ணை இன்னும் பத்து வயது கூட்டி எழுதினார் என்று சொல்லலாம். 'வாட்டர் தெம் ஜெரேனியம்ஸ்' கதையில் வரும் மிஸஸ் ஸ்பைசரின் குடிசை ஓரத்தில் நாலைந்து ஜெரேனியம் செடிகள். அந்த வறட்சியிலும் தண்ணீர் விட்டு வளர்க்கிறாள். யாராவது இரக்கப்பட்டால், எதற்கும் கவலைப்படும் கட்டத்தைத் தாண்டிவிட்டேன் என்பாள். விருந்தாளி வந்தால்கூட, அவர்கள் போனபிறகு நாள் இன்னும் கனத்துப்போகிறதே என்று வருந்துவாள். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. சாவதற்கு முன் மகளிடம் பன்றிக்கும் கன்றுக்கும் தீனி போடச் சொன்னாள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதே என்றாள். முந்தைய கதையில் விடியும்போது முடித்துவிட்டதால் அவளுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே சொல்லிவிட்டார். ஆனாலும் பாடப்புத்தகம் எடுத்துக்கொண்டது பாம்பைக் கொன்றவளைத்தான்.

அதே காலத்தில் எழுதிய பார்பரா பேன்டனிடம் வருவோம். 1857இல் நியூ சவுத் வேல்ஸின் ஸ்கோன் ஊரில் பிறந்தவர். முதல் கணவர், வீட்டு வேலைக்கு வந்திருந்த பெண்ணோடு போய்விட்டார். 1890இல் விவாகரத்து வாங்கி, ஒரு மருத்துவரை மணந்து சிட்னிக்கு வந்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியது கொஞ்சம்தான். ஆறே கதைகள் கொண்ட 'புஷ் ஸ்டடீஸ்' 1902இல் லண்டனில் வெளியானது, சிட்னியில் பதிப்பாளர் கிடைக்கவில்லை. அந்த ஆறு கதைகளுக்கு முன்னால் லாசனின் கதைகள் மென்மையாகத் தோன்றும்.

'தி சோஸன் வெஸல்' கதையிலும் தனி வீடு, கைக்குழந்தையோடு ஒரு பெண், ரோமம் கத்தரிக்கப் பதினைந்து மைல் தள்ளிப்போன கணவன். முதலில் பகலில் ஒரு நாடோடி வந்து சாப்பாடு கேட்கிறான், போகும்போது வீட்டை அளவெடுப்பது போலப் பார்த்துவிட்டுப் போகிறான். இப்படிப்பட்டவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று அவள் முன்பே கணவனிடம் சொல்லியிருக்கிறாள். உன்னை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அவன் கேலி செய்துவிட்டான். ராத்திரி அவள் மேசைமேல் சாப்பாட்டை எடுத்துவைக்கிறாள். பக்கத்தில் அம்மா கொடுத்த உடை ஊசியையும் வைக்கிறாள். வீட்டில் விலைமதிப்புள்ள பொருள் அது ஒன்றுதான். எடுத்துக்கொண்டு போய்விடட்டும் என்ற நினைப்பு. கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் குழந்தையை அணைத்தபடி படுத்திருக்கிறாள். வெளியே பலகை பலகையாகத் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்கிறது.

தூரத்தில் குதிரைக் குளம்போசை. காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று குழந்தையோடு வெளியே ஓடிக் கத்துகிறாள். குதிரைக்காரன் நிற்காமல் போய்விடுகிறான். அவன் பெயர் பீட்டர் ஹெனஸி, ஓட்டுப் போடப் போய்க்கொண்டிருக்கிறான். பாதிரியார் சொன்ன வேட்பாளருக்கு ஓட்டுப் போடச் சொல்லி அம்மா கெஞ்சியும் கேட்காமல் கிளம்பியவன். நிலா வெளிச்சத்தில் வெள்ளை உடையில் குழந்தையோடு கையை நீட்டும் உருவம் அவன் கண்ணுக்கு மாதாவாகத் தெரிகிறது. தன்னைத் திருத்த வந்த தரிசனம் என்று மெய்சிலிர்த்துப் போய், பாதிரியார் சொன்னபடியே ஓட்டுப் போடுகிறான். அவள் அங்கே செத்துக் கிடக்கிறாள். காலையில் வேலி பார்க்க வந்தவன் குழந்தையை எடுக்க அதன் சட்டையை வெட்ட வேண்டியிருந்தது. இறந்த தாயின் கை சட்டையை அப்படி இறுகப் பிடித்திருந்தது.

இது 1896இல் 'புல்லட்டின்' இதழில் வந்தபோது ஹெனஸி வரும் பகுதியையே நீக்கிவிட்டு, 'தி ட்ராம்ப்' என்ற தலைப்பில் போட்டார்கள். அந்த வெட்டு எவ்வளவு பெரிய வெட்டு என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பகுதி இல்லாவிட்டால் இது ஒரு கெட்ட நாடோடி செய்த கொலை. அது இருந்தால், ரத்தமும் சதையுமாக எதிரே ஓடிவந்த பெண்ணைத் தெய்வமாகப் பார்த்ததால் கைவிட்டுப் போன ஒரு நல்லவனின் கதை. கணவன் கேலி செய்தான், நாடோடி கத்தி எடுத்தான், ஹெனஸி கும்பிட்டான். மூன்று பேரில் ஒருவனும் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. உறுதி மிக்க புஷ் பெண்ணை மேடைபோட்டுப் போற்றும்போதெல்லாம் எனக்கு இந்த ஹெனஸிதான் நினைவுக்கு வருகிறான்.

பேன்டனின் இன்னொரு கதை 'ஸ்க்வீக்கர்ஸ் மேட்'. இதில் கோடாலி பிடித்து மரம் வெட்டும் பெண்ணைச் சுற்றியுள்ள ஆண்கள் எல்லாரும் மதிக்கிறார்கள். பாவாடை கட்டியவர்களிலேயே இவளைப் போலக் கூட்டாளி கிடைக்கமாட்டாள் என்கிறார்கள். மரம் விழுந்து அவள் முதுகு முறிகிறது. உழைக்க முடியாமல் போன அன்றே மதிப்பும் போகிறது. அவள் உழைப்பில் சேர்ந்த ஆடுகளை விற்றுவிட்டு, அவளோடு வாழ்ந்த ஸ்க்வீக்கர் இன்னொருத்தியைக் கூட்டிவருகிறான். இவளைப் பின்னால் உள்ள குடிசைக்குத் தள்ளுகிறார்கள். முதுகுதான் முறிந்தது, மரம் வெட்டிய கைகளில் வலு அப்படியே இருக்கிறது. புதியவள் ஒருநாள் அருகில் வரும்போது அந்தக் கைகள் அவளைப் பிடித்துக்கொள்கின்றன.

மைல்ஸ் ஃப்ராங்க்ளின் எழுதிய 'மை பிரில்லியன்ட் கரியர்' 1901இல் வந்தது. அதன் நாயகி சிபிலா வறட்சியில் எழ முடியாமல் விழுந்த பசுக்களைத் தூக்கி நிறுத்தும் வேலையையும் செய்கிறாள், இந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று வாய்விட்டும் சொல்கிறாள், வசதியான மாப்பிள்ளையையும் மறுக்கிறாள். அம்மாவைப் போல ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவளைத் துரத்துகிறது. அந்த நாவலுக்கு முன்னுரை எழுதியவர் லாசன். அவரே பிற்காலத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கட்டாமல் சிறைக்குப் போனார். அவர் மனைவி பெர்த்தாவும் பிள்ளைகளைத் தனியாகத்தான் வளர்த்தார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நியாயம் இருக்காது.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். ட்ரோவரின் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது கணவன் ஒரு குடிகார மருத்துவரை இழுத்துவரப் போயிருக்கிறான். காய்ச்சல் வேறு. அப்போது கதவோரம் ஒரு பூர்வகுடி மனிதர் எட்டிப் பார்க்கிறார். கிங் ஜிம்மி என்று கதை அவரைச் சொல்கிறது. நிலைமையைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரி ஓடைப் பக்கம் இருக்கிறாள், கூட்டிவருகிறேன் என்கிறார். பிளாக் மேரி வருகிறாள், பிரசவம் பார்க்கிறாள். அவளை லாசன் புகழத்தான் செய்கிறார், அந்த நாட்டிலேயே 'வெள்ளை' மனசுக்காரி என்கிறார். புகழ்வதற்கும் அந்த நிறத்தைத்தான் தொட வேண்டியிருந்தது. விறகை உள்ளே வெறுமையாக அடுக்கியவரை, தன் இனத்தில் கடைசி ஆள், ஒரு அரசர் என்று சொல்கிறார். அந்த இனத்தில் மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கதை கேட்பதில்லை. 1861 சட்டம் பங்குபோட்டுக் கொடுத்தது அவர்களுடைய நிலத்தைத்தான். 1902இல் வெள்ளைப் பெண்களுக்குத் தேர்தலில் ஓட்டுக் கொடுத்த அதே காமன்வெல்த் சட்டம், அதாவது நாடு முழுவதுக்குமான கூட்டாட்சி அரசின் சட்டம், பூர்வகுடிகளில் பெரும்பாலோரை விலக்கிவைத்தது.

இந்த ஓட்டையை அடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பூர்வகுடி நடிகையும் எழுத்தாளருமான லேயா பர்செல் சிறுமியாக இருந்தபோது அவர் அம்மா இந்தக் கதையைப் படித்துக் காட்டுவாராம். 2016இல் அதை நாடகமாகத் திருப்பி எழுதித் தானே நடித்தார். 2019இல் நாவல், 2021இல் அவர் இயக்கத்தில் திரைப்படம். அதில் மனைவிக்கு மாலி ஜான்சன் என்று பெயர் கிடைக்கிறது. வீட்டுக்கு வருவது பாம்பு இல்லை, யடாக்கா என்ற பூர்வகுடி மனிதர். மாலியின் ரத்தத்திலேயே பூர்வகுடி வேர் இருப்பதும் பிறகு தெரியவருகிறது. சில இடங்களில் நாடகத்தனத்தின் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்தபிறகு பழைய கதையைப் பழையபடி என்னால் படிக்க முடியவில்லை.

இப்போது படிக்கும்போது பிளாக் மேரி வரும் இடத்தில் நின்றுவிடுகிறேன். சில வரிகள்தான் அவளுக்கு. அவள் பேசும் வசனம் ஒன்றும் இல்லை. அந்த ஓடைப் பக்கம் அவள் யாரோடு இருந்தாள், அவள் பெற்ற பிள்ளைகள் எங்கே, பத்தொன்பது மைலுக்கு மனித வாடையே இல்லை என்று கதை சொன்ன அந்த இடத்தில் கூப்பிட்ட உடனே வரும் தூரத்தில் எப்படி இருந்தாள்?